நீதிமன்றம் சிகிச்சைக்கு உத்தரவிடலாமா?

கடுமையான உளநோயுள்ள ஒருவர் வைத்தியசாலையில் தேறி வீடு திரும்புகிறார். சில வாரங்களில் மருந்தை நிறுத்துகிறார். நோய் மீண்டும் முற்றுகிறது. தான் நோயாளி என்பதையே அவர் உணர்வதில்லை. குடும்பம் என்ன செய்வது?

1999 ஜனவரியில் நியூயோர்க் சுரங்க ரயில் நிலையமொன்றில், மருந்தை நிறுத்தியிருந்த உளநோயாளர் ஒருவர் தள்ளிவிட்டதில் கென்ட்ரா வெப்டேல் என்ற பெண் உயிரிழந்தார். அதே ஆண்டில் அவரது பெயராலேயே 'கென்ட்ரா சட்டம்' வந்தது.

சிகிச்சையைத் தவிர்த்ததால் 36 மாதங்களில் இருமுறை வைத்தியசாலை சென்றவர், அல்லது 48 மாதங்களுக்குள் வன்முறையில் ஈடுபட்டவர் வீட்டிலிருந்தவாறே சிகிச்சை பெற வேண்டுமென இதன்கீழ் நீதிபதி உத்தரவிடலாம். பெற்றோரும் வைத்தியரும் மனுச் செய்யலாம். நோயாளிக்காகச் சட்டத்தரணி வாதாடுவார். உத்தரவை மீறுவது குற்றமல்ல. அதைக் கொண்டு பலவந்தமாக மருந்து கொடுக்கவும் முடியாது. பரிசோதனைக்காக 72 மணித்தியாலங்கள் வரை வைத்தியசாலையில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இது தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தள்ளிவிட்ட அந்த நோயாளி அதற்கு முன் பலமுறை தானாகவே உதவி தேடி வைத்தியசாலைப் படியேறியவர். ஆகவே உத்தரவு நோயாளியை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. சிகிச்சை தர வேண்டியவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும்.