மூன்று என்ஜினுக்கு ஒரு கொதிகலன்

1914 ஜூலையில் அமெரிக்காவின் ஈரி ரயில்பாதையில், ஒற்றை நீராவி என்ஜின் 250 சரக்குப் பெட்டிகளை இழுத்துக் காட்டியது. அந்த வண்டியின் நீளம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். எடை 16,000 டன்னுக்கு மேல். ஜார்ஜ் ஹெண்டர்சன் வடிவமைத்து, பால்ட்வின் தொழிற்சாலை கட்டிய அந்த என்ஜினுக்கு ஈரி நிறுவனத்தின் மூத்த ஓட்டுநரான மாட் ஷேயின் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஆறு சிலிண்டர்கள், இருபத்துநான்கு இயக்கச் சக்கரங்கள். இத்தனை வலிமை இருந்தும் இந்த வகையில் மொத்தம் நான்கே என்ஜின்கள்தான் பிறந்தன. 1916-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அளவு மீறிய ஆசை அழிவில் முடிந்தது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். ஆனால் குற்றவாளி அளவு அல்ல. சக்கரங்களைப் பெருக்கிய அளவுக்கு அடுப்பைப் பெருக்காததுதான் பிழை.

இத்தனை சக்கரங்கள் எதற்கு? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்காமல் இழுக்க, இயக்கச் சக்கரங்களின் மேல் நல்ல பாரம் அழுந்த வேண்டும். ஆனால் ஒரு அச்சின்மேல் ஏற்றக்கூடிய பாரத்துக்குத் தண்டவாளமும் பாலமும் வரம்பு வைக்கின்றன. ஆகவே அச்சுகளைக் கூட்ட வேண்டும். கூட்டினால் என்ஜின் நீண்டுபோய் வளைவுகளில் திரும்ப மறுக்கும். இந்தச் சிக்கலுக்கு சுவிஸ் பொறியாளர் அனத்தோல் மாலே 1884-ல் காப்புரிமை பெற்ற தீர்வு எளிமையானது. ஒரே கொதிகலனுக்குக் கீழே இரண்டு சக்கரத் தொகுதிகள். பின்தொகுதி கொதிகலனோடு இறுகப் பிணைந்திருக்கும்; முன்தொகுதி கதவுக் கீல்போன்ற மூட்டில் இடவலமாகத் திரும்பும். பின்தொகுதியின் சிலிண்டர்களில் ஒருமுறை உழைத்த நீராவி, முன்தொகுதியின் பெரிய சிலிண்டர்களில் மறுமுறை உழைக்கும். அமெரிக்காவில் இந்த முறை 1904 முதல் நன்றாகவே ஓடியது. ஹெண்டர்சன் அதற்கு மேலும் ஒரு படி போனார். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வெறுமனே இழுபடும் சுமையாக ஏன் இருக்க வேண்டும், அதன் அடியிலும் ஒரு தொகுதியைப் பொருத்தலாமே என்று யோசித்தார். தர்க்கத்தில் தவறில்லை.

தவறு இழுவிசையையும் திறனையும் ஒன்றாக எண்ணியதில் இருக்கிறது. வண்டியை அசைக்க விசை போதும். அசைத்ததை ஓட்டிக்கொண்டே இருக்கத் திறன் வேண்டும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. மாட் ஷேயின் இழுவிசை 72 டன். அதை மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து தருவதற்கே 4,000 குதிரைத்திறனுக்கு மேல் தேவை. சிலிண்டர்களின் பக்கமிருந்தும் கணக்குப் போடலாம். அதன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்விட்டம் 91 சென்டிமீட்டர்; பிஸ்டன் நகரும் தூரம் 81 சென்டிமீட்டர். முழு விசையோடு இழுக்கும்போது, சக்கரம் ஒருமுறை சுழன்று வண்டி ஐந்து மீட்டர் நகர்வதற்குள் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சுமார் 2,000 லிட்டர் உயரழுத்த நீராவியைக் குடித்துவிடும். இதை ஈடுகட்ட வேண்டிய அடுப்பின் பரப்போ வெறும் 90 சதுர அடி. மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டினால் நீராவி வற்றத் தொடங்கியதில் வியப்பில்லை.

அந்தச் சிறிய அடுப்பும் முழு வீச்சில் எரியவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. நீராவி என்ஜினில் சிலிண்டரைவிட்டு வெளியேறும் ஆவியே ஊதுகுழலின் வேலையையும் செய்கிறது. புகைபோக்கி வழியாக அது சீறிப் பாயும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த வெற்றிடத்தை நிரப்ப நெருப்பின் ஊடே புதுக்காற்று பாயும். எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு கனன்று எரியும் தற்சார்பு ஏற்பாடு அது. மாட் ஷேயிலோ டெண்டருக்கு அடியிலிருந்த சிலிண்டர்களின் ஆவி பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறியது. ஆவியில் பாதி, நெருப்பை ஊதாமலே வானத்துக்குப் போனது. தீனி கேட்கும் வாய்கள் கூடின. அடுப்பை ஊதும் மூச்சு பாதியானது.

தண்ணீரும் கரியும் தீரத் தீர டெண்டரின் எடை குறையும், அதன் சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்கும், தோல்விக்கு அதுவே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. குறை உண்மைதான், ஆனால் அது என்ஜினைக் கொல்லும் குறையல்ல. அதே காலத்தில் பிரிட்டனில் உருவான காரட் என்ஜினும் தண்ணீரை இயக்கச் சக்கரங்களின் மேலேதான் சுமந்தது. இருந்தும் அது ஆப்பிரிக்காவிலும், வங்காள-நாக்பூர் ரயில்வேயிலும், இலங்கையின் மலைப்பாதையிலும் உழைத்துப் பெயர் வாங்கியது. காரட்டில் கொதிகலன் இரண்டு தொகுதிகளுக்கும் நடுவே தொங்கும். கீழே சக்கரங்கள் இல்லாததால் அடுப்பை அகலமாகவும் ஆழமாகவும் அமைக்கலாம். இரு தொகுதிகளின் ஆவியும் ஒரே புகைபோக்கிக்கு வந்து சேரும். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளத்தானே மாட் ஷே கட்டப்பட்டது, அதற்கு வேகம் எதற்கு என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈரி நிறுவனம் 1916-ல் மேலும் இரண்டை வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தவே செய்தது. ஆனால் ஒரு பாதையின் வருமானம், ஒரு நாளில் அதைக் கடக்கும் வண்டிகளைப் பொறுத்தது. ஊர்ந்து செல்லும் பூதம் பின்னால் வரும் வண்டிகளையும் ஊர வைக்கும். 1933-க்குள் மூன்றும் பழைய இரும்பாகிவிட்டன.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று நான்காவது என்ஜின். 1916-ல் வர்ஜீனியன் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட அதுவும் நீராவிப் பஞ்சத்தில் தவித்தது. பால்ட்வின் அதைத் திரும்பப் பெற்று 1920-ல் இரண்டாகப் பிரித்தது. முன்பகுதி இரட்டைத் தொகுதி என்ஜினாகவும், பின்பகுதி தனிக் கொதிகலன் பெற்று சாதாரண என்ஜினாகவும் பிழைத்துக்கொண்டன. சக்கரத்திலோ மூட்டிலோ நோய் இருந்திருந்தால் இந்த அறுவைச் சிகிச்சை பலித்திருக்காது. கால் நூற்றாண்டு கழித்து, 1941-ல் வந்த யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' என்ஜினுக்கு இழுவிசை 61 டன்தான். மாட் ஷேயைவிடக் குறைவு. ஆனால் அதன் அடுப்பு 150 சதுர அடி. சக்கரத் தொகுதிகளும் இரண்டே. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய அதைக் கட்டியவர்கள், கொதிகலன் எவ்வளவு ஆவி தரும் என்பதை முதலில் கேட்டார்கள். எத்தனை சக்கரம் என்பதைப் பிறகுதான் முடிவு செய்தார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். நீராவி என்ஜினில் அந்த விரல் கொதிகலன்.