தொட்டியின் அடியில் ஓர் அயிரை

அலங்கார மீன் கடைகளில், தொட்டியின் ஒரு மூலையில் பென்சிலைவிட மெல்லிய மீன்கள் சில ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடப்பதைக் காணலாம். மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு உடலில் கரும்பழுப்புப் பட்டைகள் இருக்கும். பார்ப்பதற்குக் குட்டிப் பாம்பு போலவே தோன்றும் இந்த மீனின் பெயர் கூலி லோச். தொட்டியின் அடியில் தேங்கும் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் என்று நம்பிப் பலர் இதை வாங்குகின்றனர். அந்த நம்பிக்கை தவறானது. அதனால் இம்மீன் பட்டினி கிடக்க நேரிடுகிறது.

பெயரில் உள்ள ‘கூலி’க்கும் உழைப்புக்குக் கிடைக்கும் கூலிக்கும் தொடர்பில்லை. உயிரினங்களை ஆராய ஜாவாவுக்குச் சென்று, 24 வயது நிறைவதற்குள் 1821இல் அங்கேயே இறந்தவர் ஹைன்ரிக் கூல் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1846இல் அவர் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. ஆயினும், தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய மீன் அன்று. மதுரைப் பக்கம் குழம்புக்குப் பெயர்பெற்ற அயிரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கூலி லோச்சும் அதன் நெருங்கிய உறவினங்களும் மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய இடங்களில் வாழ்கின்றன. சிங்கப்பூரின் நீ சூன் சதுப்பு நிலக் காட்டிலும் இவற்றின் உறவினம் ஒன்று உண்டு. உதிர்ந்த இலைகள் ஊறுவதால் அத்தகைய காடுகளில் நீர் தேநீர் நிறத்தில், சற்று அமிலத்தன்மையுடன் இருக்கும். பகலில் இம்மீன்கள் இலைக்குவியலுக்கு அடியிலோ மணலுக்குள்ளோ பதுங்கிக்கொள்ளும். இருட்டிய பிறகே வெளியே வரும். வாயைச் சுற்றியுள்ள மீசை போன்ற இழைகளால் மணலைத் துழாவி, சிறு புழுக்களையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தேடித் தின்னும். மற்ற மீன்களின் கழிவு இவற்றுக்கு உணவாகாது.

பகலில் போடப்படும் உணவை மேலே நீந்தும் மீன்களே தின்று தீர்த்துவிடும். ஆகவே, விளக்கை அணைத்த பின்னர், நீரில் மூழ்கும் உணவு உருண்டைகளையோ உறைய வைத்த புழுக்களையோ போட வேண்டும். தொட்டியின் அடியில் மென்மையான மணல் தேவை. கூர்மையான கற்கள் மீசை இழைகளைக் காயப்படுத்தும். பதுங்குவதற்குத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றே போதும். மலாயில் கெத்தாப்பாங் எனப்படும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலைகளையும் போடலாம். தனியாக விடப்பட்டால் இம்மீன் மிரண்டு ஒளிந்துகொள்ளும் என்பதால், ஐந்தாறு மீன்களைச் சேர்த்து வளர்ப்பது நல்லது.

குழாய் நீரைக் குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மிகச் சிறிய செதில்களே இருப்பதால், செம்பு கலந்த மருந்துகள் இதற்கு ஆபத்தானவை. கண்ணுக்குக் கீழே சிறு முள் ஒன்று உண்டு. அது வலையில் சிக்கிக்கொள்ளும். எனவே, வலைக்குப் பதிலாகக் குவளையால் பிடிப்பதே பாதுகாப்பானது. வடிகட்டியின் உறிஞ்சு குழாயைப் பஞ்சால் மூடாவிட்டால், மீன் அதற்குள் நுழைந்துவிடும். தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடியும் அவசியம்.

நன்கு பராமரித்தால் இம்மீன் பத்து ஆண்டுகள்வரை வாழக்கூடும். சில நாள்கள் கண்ணில் படவில்லை என்பதற்காக, இறந்துவிட்டது என்று எண்ணித் தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மங்கிய ஒளியில் பார்த்தால், சிரட்டையின் விளிம்பிலிருந்து ஒரு மீசை மெல்ல எட்டிப்பார்க்கும்.