விலை யார் கொடுத்தார்கள்?

1987 அக்டோபர் 16, லாகூர் கடாபி மைதானம். உலகக் கோப்பை லீக் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் எடுத்த 216 ரன்னைப் பாகிஸ்தான் துரத்திக்கொண்டிருந்தது. கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பந்து கோர்ட்னி வால்ஷிடம். அப்துல் காதிர் அடித்த ஒரு சிக்ஸர் ஆட்டத்தைப் புரட்டிப்போட்டது. கடைசிப் பந்தில் இரண்டு ரன் எடுத்தால் பாகிஸ்தானுக்கு வெற்றி என்ற நிலை. வால்ஷ் ஓடி வருகிறார். அவர் பக்கத்து முனையில் நின்ற சலீம் ஜாஃபர் பந்து கையை விட்டுப் போகுமுன்பே கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். வால்ஷ் பந்தை வீசாமல் நின்றார். கையைத் தாழ்த்தி பெயில்ஸைத் தட்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், விதியும் அதற்கு இடம் கொடுத்திருந்தது. அவர் தட்டவில்லை. ஜாஃபரைக் கோட்டுக்குத் திரும்ப விட்டு, நடந்து போய், மறுபடி ஓடிவந்து வீசினார். காதிர் அடித்துவிட்டு இரண்டு ரன் ஓடி முடித்தார். 1975லும் 1979லும் கோப்பையை வென்று, 1983இல் இறுதி ஆட்டம் வரை வந்த அணி முதல்முறையாக அரையிறுதியைக் காணாமல் ஊர் திரும்பியது.

இந்தக் காட்சியைப் பெருந்தன்மை என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வால்ஷ் எடுத்த முடிவின் விலை வால்ஷின் பையிலிருந்தே போனது. 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் குண்டப்பா விஸ்வநாத் செய்ததும் அப்படித்தான். இங்கிலாந்தின் பாப் டெய்லரை நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று நினைத்த இந்திய கேப்டன் விஸ்வநாத், நடந்துகொண்டிருந்தவரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். இயான் போத்தமுடன் சேர்ந்து 171 ரன் கூட்டினார். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அதுதான் விஸ்வநாத் தலைமை தாங்கிய கடைசி டெஸ்ட். ஒருவருடைய குணத்தை எடைபோட அவர் பேசிய பேச்சையோ மனசுக்குள் வைத்திருந்த நல்லெண்ணத்தையோ பார்ப்பதைவிட, அவர் எடுத்த முடிவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் வாதம். விளையாட்டு, காப்பியம், இசை, சரித்திரம் நான்கிலும் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் மறுப்பு கிரிக்கெட்டிலிருந்தே வரும். வால்ஷ் உயர்ந்தவர் என்றால், 2019 மார்ச்சில் ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் ஜாஸ் பட்லரை அதே முறையில் ரன் அவுட் செய்த நம் அஸ்வின் தாழ்ந்தவரா? இல்லை என்றுதான் சொல்வேன். அஸ்வினின் வாதம் வலுவானது. கோட்டைத் தாண்டி முன்கூட்டியே ஓடுகிறவர்தான் உரிமையில்லாத தூரத்தை எடுத்துக்கொள்கிறார். அதைத் தடுக்கிற பந்துவீச்சாளர் ஏன் வெட்கப்பட வேண்டும்? 1947இல் சிட்னியில் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் செய்தபோது, எதிரணித் தலைவரான பிராட்மேனே மன்கட் பக்கம் நின்றார். ஆனாலும் ஏதோ திருட்டுக்குப் பெயர் வைப்பதுபோல அந்தச் செயலுக்கு மன்கட்டின் பெயரைச் சூட்டிப் பல பத்தாண்டுகள் புழங்கினார்கள். 2022இல்தான் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அதை முறையற்ற ஆட்டம் என்ற விதிப்பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. ஜெய்ப்பூருக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் வசவு வந்தது. தவறிப்போய் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அடங்கியிருக்கும். அஸ்வின் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லி, வசவையும் தானே வாங்கிக்கொண்டார். செயலில் வால்ஷும் அஸ்வினும் எதிரெதிர்த் துருவம். எடுத்த நிலைக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொண்டதில் இருவரும் ஒரே இனம்.

விதிக்குக் கட்டுப்பட்ட மைதானத்தைவிட, விதியையே கையில் வைத்திருப்பவனின் அவை கடுமையான சோதனைக்களம். சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பாருங்கள். கோவலன் கொலையுண்டு கிடக்கிறான். தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி வந்து நிற்கிறாள். அவள் ஊருக்கு வேற்றாள். கூட ஆள் இல்லை. காட்டச் சாட்சியும் இல்லை. அரசன் நினைத்தால் காவலரை விட்டு அவளை வெளியே தள்ளியிருக்கலாம்; கேட்பார் கிடையாது. அவளோ தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மாணிக்கப் பரல் ஒன்று அரசன் முகத்துக்கு நேரே தெறிக்கிறது. அந்த ஒரு பரல் போதுமானதாக இருந்தது. பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று பழியை அவன் தலையில் கட்ட அரசனுக்கு எல்லா வசதியும் இருந்தது, அது உண்மையும்கூட. அவன் கள்வன் என்ற பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டு அரியணையிலிருந்து சாய்ந்து உயிர்விடுகிறான்.

இங்கே ஒரு கேள்வியை மறைக்கக் கூடாது. அத்தனை நேர்மையான அரசன், விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்னது எப்படி? இளங்கோவடிகள் அதற்கு விடை வைத்திருக்கிறார், நாம்தான் அதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறோம். நாடக மகளிரின் ஆடல் பாடலில் அரசன் மனம் சென்றதைக் கண்டு ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரத்துக்குப் போகும் வழியில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். அரசனின் மனம் முழுக்க அந்த ஊடலில் இருந்தது. நின்று நாலு கேள்வி கேட்கும் பொழுது அவனிடம் இல்லை. கோவலன் உயிர் போனது அந்த அவசரத்தில். பாண்டியன் தன் குற்றத்துக்கு விலை கொடுத்தான், உண்மைதான். அதற்கு முன்பே ஒரு குற்றமற்றவன் விலை கொடுத்துவிட்டான் என்பதையும் காப்பியம் நம்மை மறக்க விடுவதில்லை.

அவசரத்துக்கு இவ்வளவு பலம் உண்டா என்று ஐயப்படுகிறவர்களுக்கு, 1973இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு உரையாற்ற அனுப்பினார்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகும்படி ஏற்பாடு. சில மாணவர்கள் பேசப்போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம் பேர். இதைக் காட்டித்தான் இரண்டாவது மறுப்பு எழுகிறது: குணம் என்று ஒன்று கிடையாது, சூழ்நிலைதான் மனிதனை ஆட்டிவைக்கிறது, வால்ஷும் பாண்டியனும் அந்த நேரத்து அதிர்ஷ்டம். இந்த மறுப்பில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். சூழ்நிலை மனிதனை வளைக்கும். ஆனால் விரட்டப்பட்டபோதும் நின்ற அந்தப் பத்துப் பேரில் ஒருவர் எப்படி நின்றார்? யோசிக்க நேரம் இல்லாத இடத்தில் ஒருவர் சரியாக நடக்கிறார் என்றால், அந்த யோசனை வேறெங்கோ முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். வால்ஷ் ஓடிவந்து நின்ற அந்த ஓரிரு நொடியில் புதிதாக எதையும் தீர்மானித்திருக்க முடியாது.

முன்பே நடந்து முடிவது என்றால் என்ன என்பதை இசை நன்றாகக் காட்டும். கட்டலோனியாவில் 1876இல் பிறந்த பாப்லோ கஸால்ஸ், 13 வயதில் பார்சிலோனாவில் ஒரு கடையில் பழைய இசைத்தாள்களைப் புரட்டும்போது, பாஹ் தனிச் செல்லோவுக்காக எழுதிய ஆறு தொகுதிகளின் பதிப்பைக் கண்டெடுத்தார். அன்றைக்கு அவை வெறும் விரல்பயிற்சி என்று ஒதுக்கப்பட்டவை. கஸால்ஸ் அவற்றை உடனே மேடையில் வாசித்துப் பேர் வாங்கிவிடவில்லை. ஏறக்குறைய 12 ஆண்டுகள் தனியே வாசித்துக்கொண்டிருந்தார். அசுரசாதகம் என்று நம் வித்வான்கள் சொல்வது இதைத்தான். கேட்க ஆளில்லாத அறையில், தவறு தனக்கு மட்டும் தெரியும் இடத்தில், அதைத் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோ வென்றதும் 1939இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறி, பிரான்ஸ் எல்லையிலிருக்கும் பிராத் என்ற சிற்றூரில் தங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நேச நாடுகள் பிராங்கோவையும் அகற்றும் என்று நம்பியிருந்தவருக்கு ஏமாற்றம். பிராங்கோ ஆட்சியை ஏற்கும் நாடுகளில் இனி வாசிப்பதில்லை என்று அறிவித்தார். உலகத்தின் பெரிய அரங்குகள் எல்லாம் அழைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பேசத் தெரிந்தவன் வாயைக் கட்டிக்கொள்வதைவிட, வாசிக்கத் தெரிந்தவன் வில்லைக் கீழே வைப்பது கடினம்.

இசை மனிதனை நல்லவனாக்கும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கண்டித்து இத்தாலியின் ஆர்துரோ டாஸ்கனினி பைராய்ட் விழாவில் நடத்துநராக வர மறுத்தார். இரண்டு ஆண்டுக்கு முன் போலோன்யா நகரில் பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மாட்டேன் என்று சொல்லி, கட்சி ஆட்களிடம் தெருவில் அடி வாங்கியவர் அவர். பைராய்ட்டில் அவர் விட்ட இடத்துக்கு வந்து நின்றவர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். அதே ஆண்டு நாஜி அரசு அமைத்த இசைத்துறை மன்றத்துக்கும் அவர் தலைவரானார். ஸ்ட்ராஸுக்கு இசைஞானம் குறைவு என்று சொல்ல யாராலும் முடியாது. அவர் வீட்டு மருமகள் யூதப் பெண். அந்தப் பயம் அவருக்கு இருந்ததை மறந்து பேசுவதும் நியாயமில்லை. யூத எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கை விட்டுக்கொடுக்காமல் எழுதிய கடிதம் பிடிபட்டு, 1935இல் அவர் பதவி போனது. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள், அவர் பெயர் அந்த ஆட்சிக்கு அணிகலனாகப் பயன்பட்டது; விரட்டப்பட்ட யூதக் கலைஞர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். சாதகம் விரல்களை வசப்படுத்தும். அந்த ஒழுங்கை விரல்களைத் தாண்டி எங்கே கொண்டுபோவது என்பதை அவரவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கடினமானது. வெறியனும் தன் கொள்கைக்காக உயிரைக் கொடுக்கிறானே, அவன் குணவானா? கிடையாது. அவன் தன் உயிரோடு பிறர் உயிரையும் சேர்த்துச் செலவழிக்கிறான். பிறரைக் கேட்காமல் செலவழிக்கிறான். ஆனால் இந்தக் கோடு நான் எழுதுகிற அளவுக்குச் சுலபமானதல்ல. வால்ஷின் முடிவுக்கு அவருடன் ஆடிய பத்துப் பேரும் விலை கொடுத்தார்கள். அவர்களை அவர் கேட்கவில்லை. நல்லவர்கள் கொடுக்கும் விலையில் பக்கத்தில் நிற்பவர்களின் பங்கும் கலந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் இது கண்கூடு. தூத்துக்குடியில் பெயரெடுத்த வக்கீல். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக ஓட்டினார். 1908 ஜூலையில் அவருக்கு விதித்த தண்டனை இரண்டு ஆயுள், மொத்தம் 40 ஆண்டுகள். அப்போது வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பி மனநிலை பிறழ்ந்தார், பிறகு அவர் தேறவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். மாடு சுற்றவேண்டிய வட்டத்தில் வெயிலில் ஒரு வக்கீல் சுற்றினார். கண்ணூர்ச் சிறையில் அவர் எழுதிய நூல் மெய்யறம். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்து அவர் கொண்டுவந்த நூல் மனம் போல வாழ்வு. ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவது எந்த ஊரிலும் யாருக்கும் எளிது, கைவிலங்கோடு எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது சங்கம் கலைந்திருந்தது, கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. பிழைப்புக்காகச் சென்னையில் கடை வைத்தார், அதுவும் ஓடவில்லை.

இவ்வளவு விலை கொடுத்தவர் மனம் கசந்துபோனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்காரன் என்ற சொல்லையே அவர் வெறுத்திருந்தாலும் நமக்குப் புரியும். பல ஆண்டு கழித்து, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் அவருக்கு வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. தன்னைச் செக்கில் பூட்டிய அரசாங்கத்தின் ஊழியர்தான் அந்த வாலஸும். வ.உ.சி. தமக்குப் பிறந்த மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.