வான்வழியும் நாழிகைவழியும்

நாழிகைவழி என்பது பழந்தமிழர் வழங்கிய ஓர் அளவைச் சொல். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கும் தொலைவே நாழிகைவழி. தொலைவைக் காலத்தால் அளந்த வழக்கு இது. நடப்பவனுக்கு இது பொருந்தும். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் அவன் வேகத்தில் பெரும் வேறுபாடு இல்லை. விமானம் அவ்வாறன்று. தொலைவை வேகத்தால் வகுத்துப் பறக்கும் காலத்தைக் கணிக்கப் புகுவோர் ஏமாறுவர்.

கம்போங் மேடானிலிருந்து வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ளது சுபாங் விமான நிலையம். 1965இல் திறக்கப்பெற்ற இந்நிலையம், 1998இல் சிப்பாங்கில் புதிய நிலையம் அமையும்வரை நாட்டின் தலைவாயிலாக விளங்கியது. பின்னர்ப் புரொப்பெல்லர் விமானங்கள் வந்துபோகும் வட்டார நிலையமாயிற்று. 2024இல்தான் ஜெட் பயணிகள் சேவை மீண்டது. சிங்கப்பூரின் சிலேத்தார் நிலையமோ 1928இல் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாகத் தோன்றியது. அதன் ஓடுபாதை சுபாங்கின் ஓடுபாதையில் ஏறக்குறையப் பாதி நீளமே.

இவ்விரண்டுக்கும் இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் 173 கடல்மைல். பாகையின் அறுபதில் ஒரு கூற்றைக் கலை என்பர் நம் கணித நூலார். பூமியின் மேல் ஒரு கலை அளவே கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே கடல்மைலைத் தமிழில் கலை என்றே வழங்கினாலும் பிழையாகாது.

ஏ.டி.ஆர். 72 விமானம் உயரே மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் செல்லும். அக்கணக்கில் 38 நிமிடம் போதும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டும். ஏன்? நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சென்ற இடத்தில் நிற்பதுவரை எல்லாம் அட்டவணையில் அடங்கும். ஏறும்போது வேகம் குறைவு. தரையிறங்க நெருங்கும்போதும் குறைவு. திசையும் உண்டு. சுபாங் ஓடுபாதை வடவடமேற்காகவும் தென்தென்கிழக்காகவும் கிடக்கிறது. காற்றுக்கேற்ப வடக்கு நோக்கிக் கிளம்பினால், தென்கிழக்கேயுள்ள சிங்கப்பூருக்கு வளைந்து திரும்பவேண்டும். நெடும் பயணத்தில் இவை கரைந்துபோகும். குறும் பயணத்திலோ பாதி நேரத்தை விழுங்கிவிடும்.

இறங்கும் வழி எத்துணை முக்கியம் என்பதை இவ்வழித்தடமே உலகறியச் செய்தது. ஃபயர்ஃபிளை நிறுவனம் 2018 டிசம்பரில் சாங்கியிலிருந்து சிலேத்தாருக்கு மாறவிருந்தது. சிலேத்தாருக்கெனச் சிங்கப்பூர் வகுத்த கருவிவழித் தரையிறங்கு முறையில் விமானங்கள் ஜொகூரின் பாசிர் கூடாங் மேலாகத் தாழ்ந்து வரவேண்டும். அதனால் அங்கே கட்டடங்களின் உயரத்துக்கும் துறைமுக வேலைக்கும் தடை நேரும் என்றது மலேசியா. 2019 ஜனவரி முதல் அவ்வான்பகுதியைத் தடைப் பகுதியாகவும் ஆக்கியது. தன் நிலத்தின் மேல் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அண்டை நாட்டின் ஓடுபாதை முடிவு செய்யலாகாது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. எனினும் பறக்க வழியின்றி நின்றவர் இருகரைப் பயணிகளே. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அம்முறையைத் திரும்பப் பெற்றது. மலேசியா தடையை நிறுத்திவைத்தது. அம்மாதம் 22ஆம் நாள் சுபாங்கிலிருந்து சிலேத்தாருக்குப் பயணிகள் விமானம் பறந்தது.