கிறித்தோஃபின் படக்கதைகளில் சொல்லும் ஓவியமும்

குழந்தைகட்கு நூல் எழுதப் புகும் பள்ளியாசிரியர் பலர், கதை சொல்லும்போதும் வகுப்பறையினின்றும் வெளிவருவதில்லை. கதையின் இடையே அறிவுரை புகும்; முடிவில் நீதி வந்து நிற்கும். பிரஞ்சு நாட்டில் இயற்கை நூல் கற்பித்த ஆசிரியர் ஒருவரோ, தாம் வகுப்பறையிற் கையாண்ட முறையையே நகைச்சுவைக்குரிய கருவியாக மாற்றிக்கொண்டார். அவர் ஜோர்ஜ் கொலோம் என்பவர். 'கிறித்தோஃப்' என்னும் புனைபெயரில் அவர் எழுதியும் வரைந்தும் வெளியிட்ட படக்கதைகளில் சொல்லும் ஓவியமும் எவ்வாறு இயைந்தும் முரணியும் நிற்கின்றன என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் காலமும்

கொலோம் 1856ஆம் ஆண்டில் பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள லூர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பாரிசிலுள்ள எக்கோல் நொர்மால் என்னும் உயர்கல்விக் கழகத்திற் பயின்று, கொந்தொர்சே உயர்நிலைப் பள்ளியில் இயற்கை நூல் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் அப்பள்ளியில் அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர். பின்னர்க் கொலோம் சொர்போன் பல்கலைக்கழகத்தின் தாவரநூல் ஆய்வுக்கூடத்தில் துணைத்தலைவராக விளங்கினார். 1945ஆம் ஆண்டில் மறைந்தார்.

புனைபெயரே ஒரு விளையாட்டு. அமெரிக்காவைக் கண்ட கொலம்பசின் பெயர் பிரஞ்சு மொழியிற் 'கிறித்தோஃப் கொலோம்' என வழங்கும். தம் குடும்பப் பெயர் கொலோம் ஆதலின், எஞ்சிய முற்பகுதியைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். அறிவியல் நூல்கள் கொலோம் என்ற பெயராலும், படக்கதைகள் கிறித்தோஃப் என்ற பெயராலும் வெளிவந்தன.

அவர் எழுதத் தொடங்கிய காலம் கருதத்தக்கது. பிரான்சில் 1881ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டணமற்றதாக்கியது; 1882ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமும் சமயச்சார்பற்றதும் ஆக்கியது. இக்காலத்தே பள்ளி நூல்களை வெளியிட்டுவந்த ஆர்மான் கொலேன் என்னும் பதிப்பகம், மாணவ மாணவியர்க்கென 1889இல் 'சின்னப் பிரஞ்சுக்காரன்' எனப் பொருள்படும் பெயரோடு பட இதழொன்றைத் தொடங்கிற்று. கிறித்தோஃபின் படக்கதைகள் புகழ்பெற்றது இவ்விதழிலேயாம்.

பொருட்பாட முறை

அந்நாளையப் பிரஞ்சுத் தொடக்கக் கல்வியிற் 'பொருட்பாடம்' என்னும் முறை சிறப்பிடம் பெற்றிருந்தது. மாணவன் முதலிற் பொருளைக் காணல் வேண்டும். கண்டபின் அதன் பெயரையும் இயல்பையும் அறிதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. பொருள் கைக்கு எட்டாதவிடத்து ஓவியம் அதன் இடத்தைப் பெறும். கொலோம் இம்முறைக்கெனவே பாடநூல் எழுதியவர். 650 ஓவியங்களின் வாயிலாகப் பொருட்பாடம் புகட்டும் நூல் அவருடையது. அத்தகைய நூலில் மேலே ஓவியம். கீழே அதனை விளக்கும் சிலவரிச் செய்தி. ஓவியம் காட்டுவதைச் சொல் உறுதிப்படுத்தும்.

கிறித்தோஃபின் படக்கதைப் பக்கமும் இதே அமைப்புடையது. பேச்சைக் குமிழியுள் எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. மேலே கட்டத்துள் ஓவியம், கீழே உரைநடை. இவ்வமைப்பு அவர்க்கு முன்னரே உள்ளது. ஜெனீவா நகரில் மாணவர் விடுதிப் பள்ளி நடத்திய ரோடோல்ஃப் தொப்ஃபேர் 1830களிலேயே இவ்வாறு நூல்கள் வெளியிட்டார். எனினும், கிறித்தோஃபிடத்து ஒரு வேறுபாடு தெளிவாகப் புலனாகிறது. பாடநூலிற் சொல் ஓவியத்திற்குச் சான்று கூறும். படக்கதையிலோ சொல் ஓவியத்தொடு மாறுபடும். மேலே ஒருவன் சேற்றில் விழுந்து கிடப்பான். கீழுள்ள உரைநடையோ காப்பிய மாந்தரைப் பேசும் பெருமித நடையில் நடக்கும். இரண்டையும் ஒருங்கே நோக்கும் சிறுவனே அவற்றின் இடைவெளியைக் காண்கிறான்; கண்டு நகைக்கிறான். ஆசிரியர் அதனைச் சுட்டிக் காட்டுவதில்லை.

மூன்று படக்கதைகள்

1889 முதல் 1893 வரை வெளிவந்த 'ஃபெனுயார் குடும்பம்' காலுறை முதலிய பின்னலாடை விற்கும் வணிகர் ஒருவர், அவர்தம் மனைவி, மகளிர் இருவர் ஆகியோரின் பயணக்கதை. எண்ணாமலே கப்பலேறி, அமெரிக்கா, சப்பான் முதலிய நாடுகளில் அலைந்து ஊர் திரும்புகின்றனர். மகளிர் பெயர்கள் ஆர்த்தெமீஸ், குனெகோந்து என்பன. முன்னது பண்டைய அரசி ஒருத்தியின் பெயர். பின்னது வொல்த்தேரின் 'கான்தீத்' நூலில் வரும் தலைவியின் பெயர். கடைக்காரர் வீட்டில் இப்பெயர்கள் வழங்குவதே சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டிவிடுகிறது.

1890 முதல் 1896 வரை வந்த 'சப்பேர் கமாம்பேர்' படைவீரன் ஒருவனின் கதை. சப்பேர் என்பான் கோடரியும் தோலாடையும் அடர்ந்த தாடியும் உடைய வீரன். கமாம்பேர் 1844 பிப்ரவரி 29ஆம் நாள் பிறந்தவன் என்பர் ஆசிரியர். எனவே நான்காண்டுக்கு ஒருமுறையே அவனுக்குப் பிறந்தநாள். குப்பையைப் புதைக்கக் குழி தோண்டுமாறு மேலாள் அவனை ஏவுகிறான். தோண்டிய மண்ணை என்செய்வது என்று அவன் வினவ, அதற்கும் ஒரு குழி தோண்டுக என்பது விடை. இரண்டாங்குழியின் மண் எஞ்சி நிற்கிறது. இரு குழிகளின் மண்ணும் அடங்குமாறு அதனைப் பெரிதாகத் தோண்டவில்லை என்று மேலாள் அவனையே கடிந்து தண்டிக்கிறான். ஓவியத்தில் மண்மேடு கண்முன் நிற்கிறது. ஆணையின் சொல்லோ அதனைக் காண மறுக்கிறது.

1893 முதல் 1899 வரை வந்த மூன்றாவது கதையின் தலைவர் கொசினுஸ் என்னும் பட்டப்பெயருடைய கணித அறிஞர். உலகைச் சுற்றிவர விழையும் இவர் பாரிசை விட்டு வெளியேறவே இயலாது போகிறார். இவர் அமைத்த ஊர்தியின் பெயர் 'அனேமேலெக்த்ரோருகுல்பேதாலிகூப்வாந்தோம்ப்ரோசோபாராக்லூசிக்ல்' என்பது. காற்று, மின்சாரம், பின்னுதைப்பு, மிதிகட்டை, காற்றைப் பிளத்தல், ஆணித்தடை, உருளி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அதனுள் அடுக்கப்பட்டுள்ளன. கிரேக்க வேர்களைக் கோத்துக் கலைச்சொல் ஆக்கும் அறிவியலாரின் வழக்கத்தை, அவ்வழக்கிலேயே வாழ்ந்த ஒருவர் நகையாடுகிறார். இத்துணைப் பெரிய பெயர் தாங்கிய ஊர்தியும் அறிஞரை ஊரெல்லைக்கு அப்பாற் சேர்த்திலது.

நகையின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறும். பேதைமையாவது அறிவின்மை, மடனாவது பிறர் உணர்த்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் என உரையாசிரியர் வேறுபடுத்துவர். இவ்வேறுபாடு கிறித்தோஃபின் மாந்தரை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது. கமாம்பேர் அறிவற்றவன் அல்லன். மண்ணை என்செய்வது என்று முறையாகவே வினவுகிறான். ஆணையை ஏற்றபின் அதனை விடாது பற்றுகிறான். கொசினுசும் அவ்வாறே, அவர் பற்றியது தம் எண்ணம் ஒன்றையே. ஆகவே இருவரிடத்தும் நகை பிறப்பது மடனிலிருந்து எனலாம். கண்ணெதிர் நிற்கும் பொருளை விடுத்துச் சொல்லையே பற்றுதல் இம்மடனின் இயல்பு. பொருளைக் கண்டபின்னரே சொல்லைக் கொள்க என்பதன்றோ பொருட்பாடத்தின் முதல்விதி? ஆசிரியர் கொலோம் கற்பித்த விதியை மீறுவோரே கலைஞர் கிறித்தோஃபின் மாந்தராவர்.

மதிப்பீடு

இந்நூல்களிற் குறையில்லை என்றல் பொருந்தாது. ஃபெனுயார் குடும்பம் சென்று காணும் அமெரிக்கப் பழங்குடியினரும் ஆசிய மக்களும், ஐரோப்பியர் தம்மை உயர்ந்தோராகக் கருதிய அக்காலப் பார்வையிலேயே தீட்டப்பட்டுள்ளனர். வணிகரின் அறியாமையை எள்ளிய ஆசிரியர், தம் காலத்தின் அறியாமையை அத்துணைக் கூர்மையுடன் நோக்கினார் அல்லர். இன்று கற்பிப்போர் இதனை மறைத்தல் தகாது.

எனினும், படக்கதையை இலக்கிய ஆய்வின் புறத்தே நிறுத்துவோர்க்கு இந்நூல்கள் தக்க விடையாகும். இவற்றின் உரைநடையை மட்டும் பிரித்துப் படித்தால் வெற்றுப் பெருமித நடையாகத் தோன்றும். ஓவியத்தை மட்டும் நோக்கின் வழுக்கி விழும் கூத்தாகத் தோன்றும். இரண்டின் முரணே நூலின் பொருள். ஆதலின், இவ்வகை நூலை ஆராயும் மாணவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஓவியம் கூறுவது யாது, உரை கூறுவது யாது, இவற்றுள் எதனை நம்புமாறு சிறுவன் விடப்படுகிறான் என்ற மூன்றனையும் வினவுதல் வேண்டும். சொல்லைப் பொருளொடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கொலோம் பாடநூலால் புகட்டினார். கிறித்தோஃப் அதனையே நீதி கூறாமல், நகைப்பின் வாயிலாகச் சிறுவர்க்கு அளித்தார்.