மூலபாடமும் அனுமதியும்: டி-பஸ் செய்திச் சேவை பற்றிய சில குறிப்புகள்

கணனியில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒவ்வொன்றையும் ஒரு செயன்முறை என்பர். பணிசெயல் முறைமை இவற்றை ஒன்றிலிருந்தொன்று பிரித்து வைத்திருக்கின்றது. ஒன்றின் நினைவகத்தினுள் மற்றொன்று தன் விருப்பப்படி கைவைக்க இயலாது. பாதுகாப்புக்கு இப்பிரிவு இன்றியமையாதது. எனினும் பிரிந்து நிற்பவை ஒன்றோடொன்று பேசியாகவும் வேண்டும். வலையமைப்புத் தொடர்பு அறுந்ததை ஒரு செய்நிரல் அறிகின்றது. அதனைத் திரையிற் காட்டுவது வேறொரு செய்நிரல். லினக்ஸ் முறைமைகளில் இத்தகைய பேச்சுக்கு இன்று பெரிதும் பயன்படுவது டி-பஸ் என்னும் செய்திச் சேவையாகும். அதனை மூலநிரலிலிருந்து கட்டியமைக்கும்போது வெளித்தெரிபவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யார் யாரோடு பேசலாம், யார் யாருக்கு ஆணையிடலாம் என்பன எவ்விடத்தில், எவ்வடிவில் எழுதப்பட்டுள்ளன என்னும் வினாவே இங்கு எமக்கு முதன்மையானது.

டி-பஸ் தோன்றிய சூழலைச் சுருக்கமாகக் கூறலாம். லினக்ஸ் மேசைத்தளத்தில் 1996இல் கே.டி.ஈ.யும் 1997இல் க்னோமும் தொடங்கப்பட்டன. செய்நிரல்களிடையேயான ஊடாட்டத்துக்கு க்னோம் கோர்பா என்னும் தராதரத்தைத் தழுவியது, கே.டி.ஈ. டீகொப் என்னும் தனது சொந்த ஆக்கத்தைக் கையாண்டது. விளைவாக, ஒரே திரையில் அருகருகே நின்ற இரு செய்நிரல்கள் இரு வேறு மொழிகளிற் பேசின. 2002இல் றெட் ஹற் நிறுவனத்திற் பணியாற்றிய ஹேவக் பெனிங்ரன் முதலியோர் இரு முகாம்களுக்கும் பொதுவான ஒரு சேவையாக டி-பஸ்ஸை எழுதத் தொடங்கினர். அதன் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. 2008இல் வெளிவந்த தனது நான்காம் பதிப்பில் கே.டி.ஈ. டீகொப்பைக் கைவிட்டு டி-பஸ்ஸை ஏற்றுக்கொண்டது.

இதன் தொழிற்பாடு தபாற் கந்தோரை ஒத்தது. நடுவில் ஒரு செய்நிரல் ஓய்வின்றி ஓடுகின்றது. ஏனையவை அதனோடு மட்டும் தொடர்புகொள்கின்றன. அது செய்திகளை வாங்கி உரியவரிடம் சேர்ப்பிக்கின்றது. கணனியியலார் இதனைப் பாட்டை என்பர். பாட்டையில் இணையும் ஒவ்வொன்றுக்கும் எண்ணாலான ஒரு தனிப்பெயர் கிடைக்கும். அதற்கு மேலாக, பிறர் தேடி அறியத்தக்க ஒரு பொதுப்பெயரையும் அது கோரலாம். செய்திகள் நான்கு வகையின: ஒன்றைச் செய்யுமாறு கேட்கும் அழைப்பு, அதற்குரிய மறுமொழி, வழு அறிவிப்பு, எவரையும் குறித்து விளிக்காது யாவருக்கும் பரப்பப்படும் சமிக்ஞை. பாட்டையும் இரு வகைப்படும். கணனி முழுவதற்கும் உரியது முறைமைப் பாட்டை. ஒரு பயனர் நுழைந்து வெளியேறும்வரை அவருக்கு மட்டும் உரியது அமர்வுப் பாட்டை.

இவ்விடத்திலே தமிழர்க்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. செய்தியின் உள்ளடக்கமாக அனுப்பப்படும் எழுத்துத்தொடர்கள் யு.ரி.எஃப்.-8 குறிமுறையில் இருத்தல் வேண்டுமென நெறிமுறை விதிக்கின்றது. ஆதலால் அதில் தமிழ் தங்குதடையின்றிச் செல்லும். ஆனால் பாட்டைப் பெயர்களிலும் இடைமுகங்களின் பெயர்களிலும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே இடம்பெறலாம். தமிழிற் பேசலாம், தமிழ்ப்பெயர் தாங்கி நிற்க இயலாது. லினக்ஸில் தமிழைத் தட்டச்சிடப் பலர் பயன்படுத்தும் ஐபஸ் என்னும் மென்பொருளும், தனக்கெனத் தனியான ஒரு முகவரியில், இதே நெறிமுறையையே கையாளுகின்றது. எம்17என் தொகுப்பிலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையை அதனூடாகக் கையாளும் இலங்கைப் பயனர் ஒரு விசையை அழுத்துகையில், அவ்வழுத்தம் ஒரு செய்தியாகிச் சென்று தமிழெழுத்தாக மீள்கின்றது.

இனிக் கட்டியமைத்தலுக்கு வருவோம். பெரும்பாலான பயனர்கள் டி-பஸ்ஸைத் தொகுக்கப்பட்ட நிலையிலேயே பெறுகின்றனர். அது தம் கணனியில் இருப்பதையே பலர் அறியார். மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுப்பவர் சில தீர்மானங்களை எடுத்தாக வேண்டும். சீ மொழிக்கான தொகுப்பானும், எக்ஸ்.எம்.எல். கோப்புகளை வாசிக்கும் எக்ஸ்பற் என்னும் நூலகமும் முன்னரே இருத்தல் வேண்டும். நீண்டகாலம் ஆட்டோடூல்ஸ் முறையிற் கட்டப்பட்ட இம்மென்பொருள், அண்மைய பதிப்புகளில் மெசோன் என்னும் கருவியைக் கொண்டு கட்டப்படுகின்றது. முதலில் அமைப்பு விருப்புகளைக் கூறித் தயார் செய்தல், பின்னர் தொகுத்தல், சோதித்தல், ஈற்றில் நிறுவுதல் என்பதே ஒழுங்கு.

அமைப்பு விருப்புகளுள் முதன்மையானது இருப்பிடம். எதுவும் கூறாது விட்டால், மென்பொருள் 'யு.எஸ்.ஆர்.' அடைவினுள் 'லோக்கல்' என்னும் தனிப்பிரிவில் அமர்ந்துகொள்ளும். பிற மென்பொருள்களுக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது, டி-பஸ்ஸுக்கோ பொருந்தாது. ஏனைய செய்நிரல்கள் முறைமைப் பாட்டையின் வாயிலை ஒரு குறித்த இடத்திலேயே தேடுகின்றன. வேறிடத்திலே திறந்த தபாற் கந்தோருக்கு எவரும் கடிதம் கொண்டுவரார். ஆகவே நிறுவல் அடைவு, அமைப்புக் கோப்புகளின் அடைவு, மாறும் தரவுகளின் அடைவு ஆகியவற்றை முறைமையின் வழக்கத்தோடு ஒத்துப்போகுமாறு வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

அடுத்து, முறைமைப் பாட்டை எவர் பெயரில் ஓடவேண்டும் என்பது. தலைமைப் பயனரின் முழு அதிகாரத்தோடு அதனை ஓடவிடுவது ஆபத்தானது. எனவே வேறெந்தப் பணியும் அற்ற தனிப் பயனர் ஒருவரும் குழுவொன்றும் இதற்கெனவே உருவாக்கப்படுகின்றன. ஆயினும், ஓடாதிருக்கும் சேவையொன்றைத் தேவை நேரும்போது எழுப்பிவிடுவதும் பாட்டையின் பணியாகும். சில சேவைகளோ தலைமைப் பயனரின் பெயரிலேயே ஓடவேண்டியவை. இதற்கென ஒரு சிறிய துணைச் செய்நிரல் உண்டு. அதன் உடைமையாளர் தலைமைப் பயனர். அதன் அனுமதி எண் 4750. பாட்டைக்குரிய குழுவினர் அதனை இயக்கலாம். இயக்கப்படும்போது அது தலைமைப் பயனரின் அதிகாரத்தைப் பெறும். சாதாரண பயனர் அதனைத் தொடவும் இயலாது. அதிகாரம் முழுவதையும் நடுவிலுள்ள செய்நிரலிடம் ஒப்படையாது, ஒரு சிறிய பணிக்குள் அதனை ஒடுக்கிவைத்த இத்திட்டம் பாராட்டத்தக்கது. நிறுவலின் பின்னர் கணனியை அடையாளங்காட்டும் 32 இலக்கப் பதினறும எண் உண்டா எனப் பார்த்து, இல்லையேல் அதனையும் உருவாக்குதல் வேண்டும்.

இனி அனுமதி விதிகள். இவை எக்ஸ்.எம்.எல். வடிவில், எவரும் வாசிக்கத்தக்க கோப்புகளாக உள்ளன. எல்லோருக்கும் பொதுவான விதி, குழுவுக்குரிய விதி, குறித்த பயனருக்குரிய விதி, மீறவியலாக் கட்டாய விதி என்னும் வரிசையில் அவை பொருத்தப்படுகின்றன. பின்னர் வருவது முன்னையதை மேவும். முறைமைப் பாட்டையிற் பொதுவிதி மறுப்பிலிருந்து தொடங்குகின்றது: எவரும் பொதுப்பெயரைக் கோரலாகாது, எவரும் எவருக்கும் அழைப்பு அனுப்பலாகாது. சமிக்ஞைகளும், கேட்கப்பட்டவற்றுக்கான மறுமொழிகளும் இதற்கு விலக்கு. அதன்மேல் ஒவ்வொரு சேவையும் தனக்கு வேண்டிய அனுமதிகளைத் தன் சொந்தக் கோப்பிற் கூறிக்கொள்கின்றது.

கோட்பாடு இது. 2008இன் இறுதிவரை நடைமுறை இதற்கு முற்றிலும் எதிராக இருந்தது. மறுமொழிகளை அனுமதிக்க எழுதப்பட்ட வரியில், 'வேண்டப்பட்ட மறுமொழியாயின் அனுப்பலாம்' என்னும் நிபந்தனை இருந்ததேயன்றி, அவ்வரி எவ்வகைச் செய்திக்கு உரியது என்பது குறிக்கப்படவில்லை. இலக்கண வழக்கிற் கூறுவதாயின், அடை இருந்தது, அடைகொளி இல்லை. மறுமொழி அல்லாத செய்திகளைப் பொறுத்தவரை அந்நிபந்தனை கருத்திற் கொள்ளப்படமாட்டாது. ஆகவே அழைப்பு உட்பட எல்லாச் செய்திகளுக்கும் அவ்வரி பொருந்திற்று. 'அனைத்தும் மறுக்கப்பட்டுள்ளன' என்று தொடங்கிய பாடம் 'அனைத்தும் அனுமதிக்கப்பட்டுள்ளன' என்று முடிந்தது. எழுதியோர் கருதியது ஒன்று. எழுத்து செய்தது மற்றொன்று. மூலபாட ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இந்நிலை புதிதன்று.

1.2.6ஆம் பதிப்பில் இது திருத்தப்பட்டது. திருத்தம் செய்திவகையைக் குறிக்கும் சில சொற்களே. ஆனால் அதன் விளைவு சிறிதன்று. பழைய தாராளத்தை அறியாமலே நம்பி எழுதப்பட்டிருந்த சேவைகள் பல செயலிழந்தன. பழைய நடத்தையை விட்டுவைத்து, மறுக்கப்பட்டிருக்கவேண்டிய செய்திகளைப் பதிவு மட்டும் செய்யும் ஓர் இடைக்காலக் கிளையையும் வெளியிட நேர்ந்தது. ஒரு தவறு நெடுநாள் நிலைத்துவிட்டால் அதன்மீது பிறர் வாழ்வை அமைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று. மாறாக, அமர்வுப் பாட்டையில் விதிகள் வேண்டுமென்றே இளகியவை. அங்கு எவரும் பெயர் கோரலாம். பிறர் பேச்சை ஒற்றுக்கேட்கவும் செய்யலாம். ஒரே பயனருக்குரிய செய்நிரல்கள் யாவும் ஒன்றையொன்று நம்பலாம் என்பது அதன் எடுகோள். எங்கிருந்தோ இறக்கிய செய்நிரல்களை நாளும் ஓடவிடும் இக்காலத்தில் இவ்வெடுகோள் எமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

அடித்தளம், மேற்கட்டுமானம் முதலிய கருத்தாக்கங்களை மென்பொருள்மீது இயந்திரப்பாங்காகப் பொருத்திக்காட்டுவது இங்கு பயன்தராது. ஆனால் உழைப்பும் உடைமையும் பற்றிய கேள்வி நியாயமானது. டி-பஸ், கட்டற்ற மென்பொருள் உரிமங்களின்கீழ் வெளியிடப்பட்டது. எவரும் பெறலாம், மாற்றலாம், பகிரலாம். அதேவேளை அதனை எழுதிய உழைப்பின் கணிசமான பகுதி நிறுவனக் கூலி பெற்ற உழைப்பு. றெட் ஹற் 2019இல் ஏறத்தாழ 3,400 கோடி டொலருக்கு ஐ.பி.எம்மினால் வாங்கப்பட்டது. மூலநிரலை அதனால் வாங்கி மூடிவிட முடியாது. அதனைப் பராமரிக்கும் தேர்ச்சி பெற்றோரின் வேலைநேரம் வாங்கத்தக்கதாகவே உள்ளது. வாசிக்கும் உரிமை வேறு, வாசிப்பதற்கான ஓய்வும் பயிற்சியும் வேறு. 2008இன் வழு, திறந்து கிடந்த கோப்பொன்றில், யாவர் கண்முன்னும் இருந்தது.

தாமே கட்டியமைப்போர்க்கு நடைமுறைக் குறிப்பொன்று. முறைமைப் பாட்டையின் தலைமை விதிக்கோப்பு 'யு.எஸ்.ஆர்.' அடைவினுள் உள்ளது. புதிய பதிப்பை நிறுவும்போது அது மேலெழுதப்படும். ஆதலால் அதனைத் திருத்தலாகாது. தம் இடத்துக்குரிய விதிகளை 'ஈ.ரி.சி.' அடைவிலுள்ள டி-பஸ் பிரிவில் 'சிஸ்டம்-லோக்கல்.கொன்ஃப்' என்னும் பெயரில் தனிக் கோப்பாக எழுதுதல் வேண்டும். மூலநிரலோடு அக்கோப்பு வருவதில்லை. எழுதி முடித்தபின் கோப்புகளை மீள வாசிக்குமாறு பாட்டைக்கே ஓர் அழைப்பு அனுப்பினாற் போதும்.