பிபிஏ சேர்க்கும் முன்...

உபுண்டு லினக்ஸின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில், ஒரு வெளியீட்டுக்குப் பிறகு பெரும்பாலும் பிழைத் திருத்தங்களே வரும். மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டுவோர் நாடுவது பிபிஏ எனப்படும் தனிநபர் களஞ்சியங்களை. லாஞ்ச்பேட் தளத்தில் 2007 முதல் இவ்வசதி உள்ளது. யார் வேண்டுமானாலும் தாம் தொகுத்ததை அங்கே வெளியிடலாம்.

ஒரு வீடியோ பிளேயருக்காக நானும் ஒரு பிபிஏவைச் சேர்த்தேன். பிளேயர் நன்றாகவே ஓடியது. ஆனால் கூடவே சில லைப்ரரிகளும் புதிய பதிப்புக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை. அடுத்த உபுண்டுவுக்கு மாற முயன்றபோது அப்கிரேட் தொடங்கவே மறுத்தது! பிபிஏ-பர்ஜ் என்ற கருவியால் அவற்றை நீக்கி, பழைய அதிகாரப்பூர்வப் பதிப்புகளை நிறுவிய பிறகே வழி பிறந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. டெப் தொகுப்பை நிறுவும்போது அதிலுள்ள ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்துடன் இயங்கும். டிஜிட்டல் கையொப்பம், தொகுப்பு வழியில் மாற்றப்படவில்லை என்று மட்டுமே உறுதி கூறும். அது நல்லதா என்று கூறாது. ஆர்ச் லினக்ஸ் பயனர்களின் ஏயூஆர் களஞ்சியத்தில், பராமரிப்பாளர் இல்லாதிருந்த ஒரு தொகுப்பை 2018 ஜூலையில் ஒருவர் ஏற்றுக்கொண்டு, தீங்கான நிரலைப் புகுத்தினார்.

எனவே வாசகர்களே, பிபிஏவைத் தயாரிப்பவர் யார், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பார்த்துச் சேருங்கள். தேவை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.